ஓர் எழுத்தின் வழக்கு

வெருகல் என்னும் எங்கள் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுத முனைவோர், நடுவில் நிற்கும் ககரத்துக்கு என்ன எழுத்தை இடுவது என்று தடுமாறுவர். ஒருவர் ஜீ இடுகிறார். இன்னொருவர் கே இடுகிறார். வேறொருவர் எச் இடுகிறார். எப்படி எழுதினாலும் கடிதம் வந்து சேர்ந்துவிடுகிறது. தபாற்காரர் மனிதர். மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே, சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கும் ஊர் ஒன்றே ஒன்றுதான் என்பதை அவர் அறிவார். எழுதியவரின் பிழையைத் தம் மனத்திலேயே திருத்திக்கொண்டு சைக்கிளை மிதிக்கிறார்.

இணையம் என்னும் தபாற்காரருக்கு இந்த இரக்கம் கிடையாது. அங்கே ஓர் எழுத்துத் தவறினால், கடிதம் திரும்பி வருவதுமில்லை, உரியவரிடம் சேருவதுமில்லை. அந்தப் பிழையான விலாசத்திலும் ஒருவர் வீடு கட்டிக்கொண்டு, கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான இரவு, எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி தன் தந்தையின் கைத்தொலைபேசியில் பெறுபேற்றைத் தேடினாள். முகவரியில் ஓர் எழுத்து மாறிவிட்டது. திறந்த பக்கம் அவள் தேடிய பக்கம் போலவே தோன்றிற்று. சுட்டெண்ணைக் கேட்டது, பின்னர் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டது. இரண்டையும் கொடுத்தாள். பெறுபேறு வரவில்லை. தன் பெயரே பதிவில் இல்லை என்று எண்ணி, இரவு முழுதும் உறங்காது, காலையில் அழுத கண்ணோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். உரிய முகவரியில் பார்த்தோம், நன்றாகவே சித்தியடைந்திருந்தாள். அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. அவர்கள் கேளாத ஏதோ ஒரு சேவைக்கென்று, மீன்பிடித் தொழிலாளியாகிய அந்தத் தந்தையின் தொலைபேசிப் பணம் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கழிந்துகொண்டிருந்தது. “இதை எங்கே போய்ச் சொல்வது, சேர்?” என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. நான் கலைப்பட்டதாரி, சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் பின் தேடிப் படித்தவற்றையே இன்று தங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இணையத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. மனிதருக்கு எண்ணை நினைவில் வைத்தல் அரிது. ஆதலால் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரை வைத்தார்கள். இதனை ஆள்களப் பெயர் என்பர். நான் எளிதாக இணைய முகவரி என்றே கூறுகிறேன். முதலில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துபவருக்கே பெயர் வழங்கப்படும் என்பது பொது விதி. கட்டணமும் பெரிதன்று. “இந்தப் பெயர் உமக்கு எதற்கு?” என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. நிலம் வாங்கப் போனால் உறுதி பார்ப்பார்கள், எல்லை பார்ப்பார்கள். இங்கே அவ்விதமான ஆராய்வு எதுவும் இல்லை. ஆகவே, பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் முகவரியில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ, பக்கத்து விசையின் எழுத்தை மாற்றியிட்டோ ஒரு பெயரைப் பதிந்துகொள்வது எவர்க்கும் இயலும். கூகுள் நிறுவனத்தின் பெயரையே, விரல் சற்று வழுக்கினால் எப்படியெல்லாம் பிழைபடுமோ அப்படியெல்லாம் ஒருவர் பதிந்து வைத்திருந்தார்; 2005ஆம் ஆண்டில் நடுவர் தீர்ப்பின்படி அவை கூகுளுக்கே உரியவையாயின.

இதில் வருவாய் எங்ஙனம் வருகிறது என்று கேட்பீர்கள். எங்கள் வெருகல் ஆற்றுக்குப் பாலம் வந்தது 2011இல்தான். அதற்கு முன் ‘பாதை’ என்று நாங்கள் வழங்கும் மிதவையிலேதான் ஆற்றைக் கடந்தோம். அந்தத் துறைக்குச் சற்று முன்னே ஒருவர் “பாதைக்குச் செல்லும் வழி” என்று ஒரு பலகை நாட்டி, வருவோரையெல்லாம் தம் கடை வாசலுக்குத் திருப்பியிருந்தால் எப்படியோ, அப்படியே இதுவும். வழி தவறி வருபவரில் சிலர் அங்குள்ள விளம்பரத்தை அழுத்துவர். ஒவ்வோர் அழுத்தலுக்கும் சில சதம். சிலர் தம் இரகசியச் சொல்லையும் வங்கிக் கணக்கு விபரத்தையும் தட்டச்சிடுவர், அது கொள்ளையருக்கு. வேறு சிலர், முகவரியையே உரியவரிடம் பெருவிலைக்கு விற்பதற்காகப் பதிந்து வைத்திருப்பர்.

இது முற்றிலும் புதிய குற்றமோ எனில், அன்று. சென்னைப் பட்டினத்து மூக்குத்தூள் வியாபாரத்தில் எழுந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ‘ஸ்ரீ அம்பாள்’ என்பது ஒரு நிறுவனத்தின் வியாபாரக் குறி. வேறொரு வியாபாரி ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயரைத் தம் மூக்குத்தூளுக்குப் பதிவுசெய்ய விண்ணப்பித்தார். நம்மவர்க்கு அம்பாள் வேறு, ஆண்டாள் வேறு. ஒன்று சிவன் கோயில், மற்றது ஸ்ரீவில்லிபுத்தூர். குழந்தையும் மயங்காது என்போம். ஆனால் 1969ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாறு கருதவில்லை. வாங்குவோர் எல்லாரும் இப்பொருள் வேறுபாட்டை அறிந்தவர் அல்லர். கண்ணால் மாத்திரமன்றிக் காதாலும் ஒப்பிடவேண்டும். காதுக்கு இவ்விரண்டும் மிக நெருங்கியவை என்று கண்டு, ஆண்டாளுக்குப் பதிவு மறுக்கப்பட்டது. தமிழாசிரியர் என்ற முறையில் இத்தீர்ப்பு எனக்குச் சற்றே உறுத்தலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. எனினும் அதன் அடிப்படை நியாயமானது. கடைக்கு வருபவன் பண்டிதனாக இருக்கவேண்டுமென்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. அரைகுறை நினைவோடு, அவசரத்தோடு வருகிற சாதாரண மனிதனையே அது அளவுகோலாகக் கொள்கிறது.

தன் சரக்கைப் பிறன் சரக்கென்று நம்பச்செய்து விற்றலைத் தடுக்கும் இப்பழைய கோட்பாட்டைத்தான், இணையம் வந்தபோது நீதிமன்றங்கள் கையில் எடுத்தன. 1999ஆம் ஆண்டிலே, யாகூ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பெயரோடு இந்தியா என்னும் சொல்லைச் சேர்த்து ஒருவர் முகவரி வைத்திருந்தார். இணையத்தைப் பயன்படுத்துவோர் கல்வியறிவு உடையவர்கள், அவர்கள் ஏமாறார் என்று அவர் பக்கத்தில் வாதிக்கப்பட்டது. டில்லி உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. எங்கள் மாணவியின் தந்தையின் முகம் என் கண்முன் வருவதால், அவ்வாதம் நிராகரிக்கப்பட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அதே ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்ததே, எழுத்துப்பிழை வழக்கு என்று சொல்லத்தக்கது. ரெடிஃப் என்னும் நிறுவனம் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்தது. வேறொருவர் அப்பெயரில் இரண்டாம் எழுத்தாகிய ஈ என்பதை எடுத்துவிட்டு ஏ என்பதை வைத்து ‘ராடிஃப்’ என்று ஒரு முகவரியைப் பதிந்தார். இது எப்படி வந்தது என்று கேட்டபோது அவர்கள் சொன்ன விளக்கம் சுவையானது. ராடிக்கல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள், பின்னர் தகவல், எதிர்காலம், சுதந்திரம் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள், இவற்றைச் சேர்த்தால் இப்பெயர் வருகிறதாம். நீதிமன்றம் நம்பவில்லை, முகவரியைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

முப்பது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்துபவன் நான். இரு மாணவர் ஒரே பிழையை ஒரே இடத்தில் விட்டிருப்பார்கள். அழைத்துக் கேட்டால், பார்த்து எழுதியவன் தன் விடைக்கு அழகான ஒரு காரணம் சொல்வான். காரணம் நன்றாகவே இருக்கும். விடையை எழுதிய பின்பு பிறந்த காரணம் என்பதுதான் அதிலுள்ள குறை.

இதனை உச்ச நீதிமன்றமே ஏறத்தாழ இப்படிச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே என்னும் நிறுவனம், தன் பெயரின் இரு பகுதிகளிலிருந்தும் எழுத்துகளை எடுத்து ‘சிஃபி’ என்ற புதுச்சொல்லை ஆக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் எஸ், ஐ, எஃப், வை என நான்கு எழுத்துகள். 1999ஆம் ஆண்டில் அச்சொல்லை முதலாகக் கொண்ட முகவரிகள் சிலவற்றைப் பதிந்தது. இரண்டாண்டு கழித்து, 2001இல், வேறொரு நிறுவனம் நடுவில் இன்னோர் எஃப் சேர்த்து, ஐந்தெழுத்துச் ‘சிஃபி’ ஆக்கி, இணைய வணிகத்தில் இறங்கியது. நேயர்களே, தமிழில் இவ்விரண்டையும் நான் வேறுபடுத்தி எழுதவே இயலாதிருப்பதைக் கவனியுங்கள். வானொலியில் வாசிப்பவரும் வேறுபடுத்திச் சொல்ல இயலாது. வழக்கின் சாரம் இதிலேயே அடங்கிவிட்டது எனலாம்.

பெங்களூர் நகர நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது: இரண்டு நிறுவனங்களின் தொழிலும் வேறு, தடை விதித்தால் பின்வந்தவருக்கே அதிக நட்டம் என்பது அதன் கருத்து. வழக்கு டில்லிக்குச் சென்றது. 2004ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்வந்தவர், தம் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவரின் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்ததால் வந்த பெயர் இது என்றார். அந்த ஐவருக்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டச் சான்று தேடினால் கிடைக்கவில்லை. பெயரை முதலில் தெரிந்தெடுத்து, அதற்கு நியாயத்தைப் பின்னர் தேடிக்கொண்டனர் என்ற முடிவுக்கு நீதிபதிகள் வந்தனர். பெங்களூர் நீதிமன்றத்தின் தடை மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

அத்தீர்ப்பில் இருவகைப் பயன் உண்டு. இணைய முகவரி வெறும் விலாசம் அன்று. அது வணிகனின் அடையாளமுமாகும், ஆகவே வியாபாரக் குறிக்குரிய காப்பு இதற்கும் உண்டு என்று உறுதியாயிற்று. இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லாத நிலையிலேயே இவ்வாறு முடிவாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. மற்றையது, தொழில் வேறு என்ற வாதத்துக்குக் கிடைத்த பதில். தேடிப்போன சேவை அங்கே இல்லாதிருக்கக் கண்டவர், தாம் வழிதவறினோம் என்று நினையார்; அந்த நிறுவனம் பொய் சொல்லிவிட்டது என்றே நினைப்பார். எங்கள் மாணவி தன் பெயரே பதிவில் இல்லை என்று எண்ணி அழுதாளே, அதுவே இது. பிழை தன் விரலில் இருந்தது என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

கடல் கடந்த நாடுகளில் இத்தொழில் இன்னும் கொடிய உருவெடுத்தது. அமெரிக்காவில் ஜோன் சுக்காரினி என்பவர், பிறர் பெயர்களின் எழுத்துப்பிழைகளையே ஆயிரக்கணக்கில் பதிந்து வைத்திருந்தார். கேலிச்சித்திரப் பக்கம் ஒன்றைத் தேடிவந்தவர் எழுத்துத் தவறினால் இவரிடம் சிக்குவர். வெளியேற முயன்றால் ஒரு விளம்பரத்தின் மேல் மற்றொரு விளம்பரம் திறக்கும். எலிப்பொறி என்றே அதற்குப் பெயர். அழுத்தல் ஒன்றுக்கு 10 முதல் 25 சதம் வரை அவருக்குக் கூலி. வழக்குத் தொடரப்பட்டதும், அப்பக்கங்களை உடனே மாற்றி, அந்தக் கேலிச்சித்திரங்களின் வன்மைக்கு எதிரான கண்டனப் பக்கங்கள் இவை என்று காட்டினார். மீண்டும் அதே கதை: காரியத்துக்குப் பின் பிறந்த காரணம். 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஐந்து முகவரிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 10,000 டொலராக 50,000 டொலர் செலுத்தவேண்டும் என்ற கட்டளையை உறுதிசெய்தது. அவர் அடங்கவில்லை. சிறுவர்கள் விரும்பிப் பார்க்கும் பெயர்களைப் பிழைபட எழுதி, அங்கே வந்த சிறுவர்களை ஆபாசப் பக்கங்களுக்குத் திருப்பினார். 2003இல் அந்நாடு இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதன்கீழ்க் கைதான அவருக்கு 2004இல் 30 மாதச் சிறை கிடைத்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையின் அறியாமையையே முதலாக்கிய வியாபாரம் இது. பாடசாலை நடத்துபவன் இதனை அமைதியாகப் படிக்க முடியாது.

நாட்டுக்கு நாடு வழக்காடுதல் பெருஞ்செலவு. ஆதலால் 1999ஆம் ஆண்டு முதல் உலகளாவிய ஒரு நடுவர் முறை நடைமுறையில் இருக்கிறது. ஜெனீவாவிலுள்ள உலகப் புலமைச் சொத்து நிறுவனம் முதலியவை அதனை நடத்துகின்றன. முறையிடுபவர் மூன்றை நிறுவவேண்டும்: முகவரி தம் வியாபாரக் குறியோடு மயங்கத்தக்கது, அதை வைத்திருப்பவருக்கு அப்பெயரில் நியாயமான உரிமை எதுவுமில்லை, தீய எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். மூன்றும் நிறுவப்பட்டால் முகவரி நீக்கப்படும், அல்லது உரியவருக்கு மாற்றப்படும். நட்டஈடு கிடையாது.

மூன்றும் வேண்டும் என்பதில் பெரிய நியாயம் இருக்கிறது. பெயர் ஒத்திருப்பது மாத்திரமே குற்றமென்றால், பெரிய நிறுவனங்கள் ஏழை எளியவரை விரட்டத் தொடங்கிவிடும். கனடாவில் மைக் ரோ என்ற பதினேழு வயது மாணவன், 2003இல் தன் பெயரோடு ‘சொப்ட்’ என்று சேர்த்து ஒரு முகவரி பதிந்தான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; அது மைக்ரோசொப்ட் என்றே காதில் விழும். அந்தப் பெருநிறுவனத்தின் சட்டத்தரணிகள் 10 டொலர் தருவதாகச் சொல்லி முகவரியைக் கேட்டனர். பையன் 10,000 கேட்டான். செய்தி வெளியானதும் மக்களின் அனுதாபம் பையன் பக்கம் திரும்பிற்று. 2004 சனவரியில் இருதரப்பும் இணங்கிப்போயினர். பத்தாயிரம் கேட்டது பேராசைதான். ஆனால் பெற்றோர் இட்ட பெயரை அவன் எங்கே கொண்டுபோய் ஒளிப்பான்? 2005இல் அமெரிக்காவில் மற்றொரு தீர்ப்பு வந்தது. ஜெரி ஃபால்வெல் என்னும் மதபோதகரின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி முகவரி வைத்த ஒருவர், அங்கே அப்போதகரின் கருத்துகளைக் கண்டித்து எழுதிவந்தார். பொருள் விற்கவில்லை; பக்கத்தைத் திறந்த உடனேயே இது அவருடைய தளம் அன்று என்பது விளங்கும். வியாபாரக் குறிச் சட்டம் இதைத் தொடாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆக, நீதிமன்றங்கள் எழுத்தை மாத்திரம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிழையால் வருகிறவரை வைத்து என்ன செய்கிறாய் என்றே கேட்கின்றன.

நம் நாட்டிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வியாபாரக் குறிகளைக் காக்கிறது. நியாயமற்ற போட்டியையும் அது தடுக்கிறது. பிறருடைய பொருளோடு மயக்கம் விளைவித்தல் அத்தகைய போட்டியுள் அடங்கும். ஆகவே கொழும்பிலோ திருகோணமலையிலோ உள்ள ஒரு வணிகர், தம் பெயரைத் திரித்துப் பதிந்தவர்மேல் வழக்குத் தொடர வழி இருக்கிறது.

ஆனால் அந்த மீனவரின் கேள்விக்கு இது விடையாகுமா? இங்கேதான் என் மனம் நிறைவடையவில்லை. வியாபாரக் குறிச் சட்டம் குறியின் சொந்தக்காரருக்கு உரிமை கொடுக்கிறது. அவர் முறையிட்டால் பொய்ப் பலகை அகற்றப்படும். அதனால் பொதுமக்களுக்கும் நன்மை உண்டு. அவர் முறையிடாவிட்டால்? வழிதவறி இழந்தவருக்கு அவ்வழக்கில் இடமில்லை. அவர் பொலிசுக்குப் போய் மோசடி என்று முறையிடவேண்டும். தொலைபேசி நிறுவனத்தோடு மல்லாடவேண்டும். வாரத்துக்குச் சில ரூபாய்க்காக ஒருநாள் உழைப்பை இழந்து யார் போவார்? ஒருவரிடம் சிறுதொகை, பல்லாயிரம் பேரிடம் பெருந்தொகை என்ற கணக்கிலேதான் இத்தொழில் உயிர்வாழ்கிறது. இறுதியில், தொலைபேசி நிறுவனத்தோடு நானே பேசி அந்தச் சேவையை நிறுத்துவித்தேன். கழிந்த பணம் கழிந்ததுதான்.

பாடசாலையில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். பெறுபேறு பார்க்கும் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி வாசற் சுவரில் மாட்டியிருக்கிறோம். கணினி அறையில் அதனை முன்னரே சேமித்தும் வைத்திருக்கிறோம், தட்டச்சிட வேண்டியதில்லை. தொலைபேசி இலக்கம் கேட்கும் பக்கத்தை, எவரிடமும் கேளாமலே மூடிவிடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஆங்கில எழுத்தால் வந்த தொல்லை இது, தமிழிலே முகவரி இருந்தால் தீராதா என்று தமிழன்பர் சிலர் கேட்பர். இருக்கிறது. 2010ஆம் ஆண்டில் ‘இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரிகளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நானும் அதில் பெருமகிழ்ச்சி கொண்டவன். ஆயினும் ரகர றகரமும் மூன்று னகரமும் நம் பிள்ளைகளை எப்படி ஆட்டிவைக்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதற்கும் மேலே ஒன்று உண்டு. சென்ற தவணையில் கணினி அறையில் இரண்டு மாணவரை ‘ஔவை’ என்று தட்டச்சிடச் சொன்னேன். ஒருவன் ஔகாரத்தை ஓரெழுத்தாகவே இட்டான். மற்றவன் ஒகரத்தை இட்டு, அருகில் ளகரத்தை இட்டான். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றின. ஒன்றைத் தேடச்சொன்னால் கணினி மற்றதைக் காட்டவில்லை. அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

“இதில் எது பிழை சேர்? இரண்டும் ஒன்றுதானே?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். அழிப்பு விசையை ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். முதற் திரையில் ஔகாரம் முழுதும் மறைந்தது. மற்றத் திரையில் ஒகரம் மாத்திரம் தனியே நின்றது.